அடிவாரக் குப்பைத் தீயை அணைக்காமல் மலையைக் காக்க முடியாது

சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்துக்கு ஒருபக்கம் குன்றத்தூர் முருகன் கோயில் குன்று, மறுபக்கம் திருநீர்மலை. சற்றுத் தள்ளிப் பல்லாவரம், திரிசூலம், தாம்பரம் பச்சைமலை. வடகிழக்குப் பருவமழையில் இடுப்பளவு வளரும் புல், மாசி பிறந்ததும் சருகாகிவிடுகிறது. பாறைமேல் மெல்லிய மண் என்பதால் ஈரம் தங்குவதில்லை. அங்கே தீ பிடித்தால் வெயிலின் மீது பழியைப் போட்டுவிடுகிறோம். வெயில் புல்லைக் காயவைக்கும், பற்றவைக்காது. நம் நாட்டுக் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வது. புறநகர்க் குன்றுகளில் அந்தக் கை பெரும்பாலும் அடிவாரத்தில்தான் இருக்கிறது. ஆகவே மலைத்தீயைத் தடுக்கும் வேலை, மலையை ஒட்டிய தெருக்களில் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

தெரு முடிந்து மேடு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். இளநீர் மட்டை, தெர்மோகோல், காய்ந்த வாழையிலை, கடைகள் கொட்டிய அட்டைப்பெட்டி எல்லாம் குவிந்து கிடக்கும். குப்பை வண்டி வராத நாளில் யாராவது ஒருவர் தீக்குச்சி கிழித்துப் போடுகிறார். காலையில் அது புகைந்து கிடக்கும். நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று உள்ளே வரும்போது காற்றின் திசையே மாறிவிடுகிறது. வைத்தவர் போன பிறகு பொறி புல்லுக்குத் தாவுகிறது. சரிவில் தீ சமதளத்தைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் சுவாலை மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்த தீ இப்படித்தான் ஓடியது. 23 உயிர்கள் போயின. நம் குன்றுகள் குரங்கணி அளவு பெரியவை அல்ல. ஆனால் இங்கே சரிவின் கீழேயே தகரக் கொட்டகை, சமையல் எரிவாயு உருளை, பிளாஸ்டிக் தண்ணீர்த்தொட்டி. திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களிலோ எண்ணெயும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தே இருக்கும்.

"புல்தானே, மழை வந்தால் தழைத்துவிடும்" என்பார்கள். புல் தழைக்கும், உண்மை. ஆண்டுதோறும் எரியும் சரிவில் மரக்கன்று மட்டும் தலையெடுப்பதில்லை. தரையில் கூடு கட்டும் பறவையின் முட்டை வெந்துபோகும். வேர்ப்பிடிப்பு இழந்த மண் ஐப்பசி மழையில் அடிவார ஏரிகளுக்குள் இறங்கும். புகையோ உடனே நம் மூச்சுக்குள் வருகிறது. பச்சைமலைக்கு அருகில்தான் தாம்பரம் சானடோரியம் நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆடுமாடு வைத்திருப்பவர்கள் புதுத் தளிருக்காகப் புல்லை எரிப்பதும் உண்டு. அவர்களைக் குற்றவாளி ஆக்குவதைவிட, எரிய வேண்டிய அந்தப் புல்லை முன்பே அறுத்துத் தீவனமாக எடுக்க அனுமதிப்பது எல்லாருக்கும் லாபம்.

வனத்துறை பார்த்துக்கொள்ளட்டும் என்பது அடுத்த பதில். நன்மங்கலம், வண்டலூர் போன்ற காப்புக்காடுகள் அதன் பொறுப்பில் உள்ளன. எல்லாக் குன்றும் காப்புக்காடு இல்லை. வருவாய்த்துறைப் புறம்போக்கு, பழைய கல்குவாரி, கோயில் நிலம் என்று உரிமை சிதறிக் கிடக்கிறது. தீயணைப்பு வண்டியும் பாறைச் சரிவில் ஏறாது. எஞ்சுவது உள்ளாட்சிதான். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவிட்டுவிட்டது. அபராதம் மட்டும் போதாது. குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவில் அதை வசூலிக்க யாருக்கும் தார்மீக உரிமை இல்லை.

2021 நவம்பரில் மாநகராட்சியான தாம்பரமும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் செய்ய வேண்டியவை இரண்டு. தை முடிவதற்குள் கடைசி வீட்டுக்கும் குன்றுக்கும் நடுவே புல்லையும் சருகையும் அகற்றி ஒரு தீத்தடுப்புப் பட்டை அமைக்க வேண்டும். அடிவாரத் தெருக்களுக்குக் கோடை முழுவதும் தினமும் குப்பை வண்டி அனுப்ப வேண்டும். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதை எழுத்தில் கேளுங்கள். புகை தெரிந்தால் காத்திருக்காமல் 101-ஐ அழையுங்கள்.