சுவரில் மாட்டிய சிறுநீரகம்

மனித சிறுநீரகத்தை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் அழகாகத்தான் இருக்கும். இளஞ்சிவப்புத் தரையில் ஊதா நூல்கண்டுகள் உருண்டு கிடப்பது மாதிரி. அதைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஃப்ரேம் கட்டி வரவேற்பறையில் மாட்டுவது இப்போது ஒரு ரசனை. கேட்டால், அறிவியலும் கலையும் சந்திக்கும் இடமாம்.

சந்திக்கட்டும். ஆனால் அது யாருடைய கிட்னி?

அந்த நிறமே உடம்பில் கிடையாது. ஹீமடாக்சிலின் உட்கருவை ஊதாவாக்கும், இயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். நோயைக் கண்டுபிடிக்கப் போடுகிற சாயம். பொழுதுபோகாமல் யாரும் பயாப்ஸிக்குப் படுப்பதில்லை.

"பேர் போடலையே, அப்புறம் என்ன?" என்பது வழக்கமான பதில். 1951ல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து கேட்காமலே எடுத்த செல்கள், 'ஹீலா' என்ற பெயரில் உலகமெல்லாம் விலைபோயின. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே 20 வருஷத்துக்கு மேல் ஆனது. தெர்மோ ஃபிஷர் கம்பெனி அவர்களோடு சமரசத்துக்கு வந்தது 2023ல்! பெயரை மறைத்தால் யாருக்கு லாபம் என்று இப்போது புரிகிறதா?

இங்கே ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைகள், சிகிச்சையில் மிச்சமான மாதிரிகளை ஒப்புதல் இல்லாமல் பயன்படுத்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கலாம் என்கின்றன. ஆனால் அது ஆராய்ச்சிக்கு. சோபாவுக்கு மேலே மாட்ட அல்ல.

ஈசிஆரில் மரக்காணம் தாண்டுகிறவர்கள் காரை நிறுத்தி உப்பளத்தைப் போட்டோ எடுப்பார்கள். வெள்ளைக் குவியல், நீல வானம், நடுவே குனிந்த ஒரு உருவம். அதுவும் பெயரில்லாமல் சுவருக்குத்தான் போகிறது. தமிழக உப்பளங்களில் 2017 முதல் 2020 வரை 352 தொழிலாளர்களிடம் நடத்திய ஆய்வில், 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. வெயில், கடும் உழைப்பு, போதாத தண்ணீர். கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தாகத்தையே அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கிட்னியையும் சீவிச் சாயம் ஏற்றினால் அழகாகத்தான் தெரியும்.

படமே கூடாது என்பதல்ல வாதம். மாட்டுங்கள். கீழே மூன்று வரி எழுதுங்கள்: என்ன நோய், எதனால் வந்தது, உரியவரிடம் கேட்டார்களா. வரவை மட்டும் எழுதிச் செலவை மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்று பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.