சர்வர் சாஃப்ட்வேர் ரினியூவல் பில்லுக்கும் உங்க இன்க்ரிமென்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

வழக்கமா இங்கே எஸ்ஐபி, டேர்ம் இன்ஷூரன்ஸ், பழைய ரெஜிமா புது ரெஜிமான்னு பேசுவோம். இன்னிக்கு கொஞ்சம் வேற ரூட். ஐடி இன்ஃப்ரா டீம்ல இருக்கிற சிலர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாங்க: "விஎம்வேர் ரினியூவல் கொட்டேஷனைப் பார்த்து மேனேஜ்மென்ட் ஆடிப்போச்சு. இந்த வருஷம் ட்ரெய்னிங் இல்லை, புது ஆள் இல்லை, லேப்டாப் மாத்தறதும் இல்லைன்னுட்டாங்க. இது நியாயமா?" வீடியோல பத்து நிமிஷத்துக்குள்ள அடங்காத விஷயம், அதான் எழுதறேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். விலையை ஏத்தினவங்க மேல கோபம் வர்றது சரிதான். ஆனா இவ்வளவு அடி விழுந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இந்த சாஃப்ட்வேரை வாங்கின அன்னிக்கு "இதை விட்டு வெளியே வரணும்னா எவ்வளவு செலவாகும்"னு பெரும்பாலான கம்பெனிகள் ஒரு வரிகூட எழுதி வைக்கலை. இப்போ பயந்துபோய் "ஃப்ரீயா கிடைக்கிறதுக்கு மாறிடலாம்"னு கிளம்பறவங்களும் அதே வரியை எழுதாமதான் கிளம்பறாங்க.

அக்கவுன்ட்ஸ் டீம் நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். முன்னாடி ஒரு அப்ளிகேஷனுக்கு ஒரு சர்வர். மெயிலுக்கு ஒண்ணு, பேரோலுக்கு ஒண்ணு, ஈஆர்பிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணும் பாதி நேரம் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், கரென்ட்டும் ஏசியும் மட்டும் முழுசா ஓடும். ஹைப்பர்வைசர்ங்கிற சாஃப்ட்வேர் ஒரு பெரிய சர்வரைப் போர்ஷன் போர்ஷனாப் பிரிச்சு, ஒவ்வொரு போர்ஷனையும் தனி சர்வர் மாதிரி நடந்துக்க வைக்குது. இதுதான் விர்ச்சுவலைசேஷன். பத்து மெஷின் இருந்த இடத்துல மூணு போதும்னு ஆச்சு. அந்தச் சேமிப்பு நிஜமானது, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. ஆனா பத்துப் பேர்கிட்ட பிரிஞ்சிருந்த ரிஸ்க் ஒரே ஹவுஸ் ஓனர் கைக்குப் போனதும் அன்னிக்குத்தான்.

அந்த ஓனர் பெரும்பாலும் விஎம்வேர். 1998-ல கலிஃபோர்னியால ஆரம்பிச்ச கம்பெனி. 2004-ல இஎம்சி சுமார் 63.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு. 2016-ல இஎம்சியோட சேர்ந்து டெல் கைக்குப் போச்சு, 2021-ல தனியாப் பிரிஞ்சது. 2022 மே மாசம் பிராட்காம் இதை சுமார் 6,100 கோடி டாலருக்கு வாங்கறோம்னு அறிவிச்சது, அதுபோக 800 கோடி டாலர் கடனையும் ஏத்துக்கறோம்னு சொன்னது. 2023 நவம்பர் 22-ல டீல் முடிஞ்சது. (ஸ்டாக் மார்க்கெட் கண்ணோட படிக்கிறவங்க அந்த 63.5-ஐயும் 6,100-ஐயும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க.)

இவ்வளவு கொட்டி வாங்கினவர் அதை யார்கிட்டயிருந்து எடுப்பார்? கஸ்டமர்கிட்டதான். டீல் முடிஞ்ச அடுத்த மாசமே நிரந்தர லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி எல்லாத்தையும் சப்ஸ்க்ரிப்ஷன் ஆக்கினாங்க. தனித்தனியா வாங்கக்கூடிய பொருள்களைச் சில பெரிய பேக்கேஜுக்குள்ள போட்டாங்க. அமெரிக்காவோட ஏடி அண்ட் டி 2024-ல கோர்ட்டுக்கே போச்சு. சுமார் 8,600 சர்வர்ல 75,000 விர்ச்சுவல் மெஷின் ஓட்டற கம்பெனி அது. கேட்ட விலை உயர்வு 1,050 சதவீதம்னு அவங்க தரப்பு ஆவணத்துல சொன்னாங்க, கடைசில சமரசமாப் போச்சு. 2025-ல பிரிட்டனோட டெஸ்கோவும் வழக்கு போட்டது.

அறிவிப்புக்கும் டீல் முடிஞ்சதுக்கும் நடுவுல 18 மாசம். அதே பிராட்காம் 2018-ல சிஏ டெக்னாலஜீஸை (நம்ம சி.ஏ. இல்லைங்க), 2019-ல சிமான்டெக்கோட கார்ப்பரேட் பிரிவை வாங்கின கதையும் எல்லார் கண்ணு முன்னாடியும் இருந்தது. அந்த 18 மாசத்துல ஒரு மாற்றுக் கொட்டேஷனாவது வாங்கி வெச்ச கம்பெனிக்கு பேரம் பேச ஏதோ ஒண்ணு கையில இருந்தது.

நிரந்தர லைசென்ஸ்னா உண்மையில என்ன?

"நாங்க காசு கொடுத்து வாங்கிட்டோமே, எங்களுது தானே?" இதுக்கு அபார்ட்மென்ட்தான் சரியான உதாரணம். ஃப்ளாட் உங்க பேர்லதான் இருக்கு. லிஃப்ட், தண்ணி மோட்டார், வாட்ச்மேன் எல்லாம் அசோசியேஷன் கையில. நிரந்தர லைசென்ஸ் அந்த ஃப்ளாட். வருஷா வருஷம் கட்டின சப்போர்ட் ஃபீஸ்தான் மெயின்டனன்ஸ். இப்போ பழைய மெயின்டனன்ஸை மட்டும் தனியாக் கட்ட முடியாதுன்னு ஆயிடுச்சு. பழைய சாஃப்ட்வேரை நீங்க ஓட்டிக்கிட்டே இருக்கலாம், தடை இல்லை. ஆனா அப்டேட் வராது. ரொம்ப ஆபத்தான ஓட்டைகளுக்கு மட்டும், சப்போர்ட்ல இருக்கிற வெர்ஷன்களுக்கு, பழைய லைசென்ஸ்காரங்களுக்கும் பேட்ச் தர்றோம்னு 2024 ஏப்ரல்ல சொன்னாங்க. ஆனா விஸ்பியர் 7-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சுபோச்சு.

"அப்டேட் இல்லைன்னா என்ன, நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்ற மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் இருப்பார். அவர்கிட்ட 2023 பிப்ரவரியில நடந்ததைச் சொல்லுங்க. ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்களைக் குறிவெச்சு ஒரு ரான்சம்வேர் கிளம்பி உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சர்வரை முடக்கிச்சு. அது நுழைஞ்சதா சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலயே பேட்ச் வந்தாச்சு. ரெண்டு வருஷம் போடாம விட்டவங்கதான் மாட்டினாங்க. ஆடிட்டரா சொல்றேன், சப்போர்ட் முடிஞ்ச ஹைப்பர்வைசர் மேல மொத்த ஈஆர்பியும் ஓடுதுன்னா அது ரிப்போர்ட்ல ஏறியே ஆகணும்.

கோர் கணக்கு

பல பேருக்கு அடி விழுந்தது இங்கேதான். முன்னாடி லைசென்ஸ் ப்ராசஸர் எண்ணிக்கைப்படி. 2020-லயிருந்து ஒரு ப்ராசஸர் லைசென்ஸ் 32 கோர் வரைக்கும் செல்லும். அதனால புத்திசாலி ஐடி டீம் எல்லாம் சரியா 32 கோர் ப்ராசஸரா பார்த்து வாங்கினாங்க. இப்போ விலை கோருக்கு இவ்வளவுன்னு. அன்னிக்குப் புத்திசாலித்தனமா இருந்தது இன்னிக்கு சுமையாயிடுச்சு. சின்ன ப்ராசஸர் வெச்சிருந்தவங்களும் தப்பிக்கலை. ஒரு ப்ராசஸருக்குக் குறைஞ்சது 16 கோர்னு கணக்கு, நீங்க 8 கோர்தான் வெச்சிருந்தாலும் 16-க்குக் கட்டணும்.

ஒரு கம்பெனியைக் கற்பனை பண்ணுவோம். மூணு சர்வர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ப்ராசஸர், ஒவ்வொரு ப்ராசஸர்லயும் 32 கோர். மொத்தம் 192 கோர். கோருக்கு வருஷம் 10,000 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குங்க, இது என் கற்பனை விலை, உங்க கொட்டேஷன்ல இருக்கிற நம்பரைப் போட்டுக்குங்க. வருஷம் 19.2 லட்சம். அஞ்சு வருஷத்துக்கு 96 லட்சம்.

வேற சாஃப்ட்வேருக்கு மாறினா? மாத்தற வேலைக்கு ஒரு தடவைச் செலவு 25 லட்சம், புது சப்போர்ட் வருஷம் 3 லட்சம்னு அஞ்சு வருஷத்துக்கு 15. இதோட நிறுத்திட்டு "40 லட்சம்தான் சார், 56 லட்சம் மிச்சம்"னு ஸ்லைடு போடுவாங்க. நம்பாதீங்க. மாறி முடிக்கிற வரைக்கும் பழசும் ஓடணும், அதுக்கு ஒரு வருஷ சப்ஸ்க்ரிப்ஷன் 19.2 லட்சம். ஆக 59.2 லட்சம். இப்போ இருக்கிற ஸ்டோரேஜ் புது சாஃப்ட்வேரோட ஒத்துப்போகலைன்னா அதுக்கு ஒரு 30 லட்சம், மொத்தம் 89.2. மிச்சம் வெறும் 6.8 லட்சம். அதாவது ஸ்டோரேஜ்ங்கிற ஒரே ஒரு கேள்விக்கு என்ன பதில்ங்கிறதை வெச்சு முடிவே தலைகீழாகுது. அந்தக் கேள்வியை யார் கேட்டாங்க?

விற்க வர்றவர் சொல்ற இன்னொரு வாதம் எனக்குச் சிரிப்பு வரவழைக்கும். "சார், லைசென்ஸ் வாங்கினா வருஷம் 40 சதவீதம்தான் டெப்ரிஷியேஷன். சப்ஸ்க்ரிப்ஷன்னா முழுசும் அந்த வருஷச் செலவு, டாக்ஸ் மிச்சம்." பேச்சு உண்மைதான். ஆனா சுமார் 25 சதவீதம் வரி கட்டற கம்பெனி ஒரு ரூபா செலவு பண்ணா 25 பைசா வரி மிச்சம், 75 பைசா பாக்கெட்டுலயிருந்து போச்சு. டாக்ஸ் மிச்சம் ஆகுதேன்னு மார்ச் மாசம் எண்டோமென்ட் பாலிசி எடுக்கிறவங்களுக்கும் இதைத்தான் இங்கே நாலு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்.

ஜிஎஸ்டி 18 சதவீதமும் எல்லாருக்கும் ஒண்ணு இல்லை. சாதாரணக் கம்பெனி இன்புட் கிரெடிட் எடுத்துக்கும். ஆஸ்பத்திரி, ஸ்கூல், காலேஜ் மாதிரி வரிவிலக்கு சேவை தர்றவங்களுக்கு அந்த கிரெடிட் கிடையாது, 18 சதவீதம் முழுசா அவங்க செலவு. அதனால இன்னொரு கம்பெனியோட முடிவைக் காப்பியடிக்க முடியாது.

மாற்று எல்லாம் உண்மையிலேயே ஃப்ரீயா?

பிராக்ஸ்மாக்ஸ் பேர் எல்லார் வாயிலயும் இருக்கு. வியன்னால இருக்கிற கம்பெனியோட சாஃப்ட்வேர், 2008-லயிருந்து வருது. உள்ளே ஓடறது 2007-லயிருந்து லினக்ஸ் கெர்னல்லயே இருக்கிற கேவிஎம். சாஃப்ட்வேருக்குக் காசில்லை, சப்போர்ட்டுக்கு ப்ராசஸர் கணக்குல சந்தா. தரமான பொருள், நான் ஆடிட் பண்ற ரெண்டு இடத்துல பிரச்சனையில்லாம ஓடுது. விண்டோஸ் சர்வர் ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு ஹைப்பர்-வி அதுலயே இருக்கு. நியூட்டானிக்ஸும் இருக்கு, ஆனா அதுவும் இன்னொரு ஹவுஸ் ஓனர்தான்.

என் வருத்தம் சாஃப்ட்வேர் மேல இல்லை, மாறும்போது விட்டுப்போற ஒரு வரி மேல. "மைக்ரேஷன் செலவா? அதெல்லாம் நம்ம பசங்களே பண்ணிடுவாங்க." அந்தப் பசங்க நீங்கதான். சனி ராத்திரி டவுன்டைம், ஞாயிறு டெஸ்டிங், திங்கள் காலையில ஒன்பது மணிக்கு வழக்கம் போல லாகின். நாலு பேர் ஆளுக்கு 60 நாள்னா 240 மனித நாள். வருஷம் 9 லட்சம் சிடிசி, 240 வேலை நாள்னு வெச்சா ஒரு நாளைக்கு 3,750 ரூபாய். மொத்தம் 9 லட்சம், அதாவது முழுசா ஒரு ஆளோட ஒரு வருஷச் சம்பளம். அது எந்த நோட்லயும் வராது, ஏன்னா அதுக்கு இன்வாய்ஸ் இல்லை. அப்ரைசல் வரும்போது "இந்த வருஷம் ஐடி செலவு ஜாஸ்தி"ங்கிற வரி மட்டும் இருக்கும்.

அதனால இன்ஃப்ரா டீம்ல இருக்கிறவங்க, யாரும் கேட்காமலே இந்தக் கணக்கை எழுதி மேனேஜருக்கு மெயில் பண்ணுங்க. மனித நாள், ரேட், காம்ப்-ஆஃப், பேக்கப் சாஃப்ட்வேர் புதுசு வேணுமா, ஈஆர்பிக்காரர் புது ஹைப்பர்வைசர்ல சப்போர்ட் தருவாரான்னு அவர்கிட்டயிருந்து எழுத்துல ஒரு பதில். ஃபைனான்ஸ்ல இருக்கிறவங்க, மூணு வருஷ சந்தாவை முன்கூட்டியே கட்டச் சொன்னா தள்ளுபடியை மட்டும் பார்க்காதீங்க. ரெண்டு வருஷப் பணம் ப்ரீபெய்டா பேலன்ஸ் ஷீட்ல உட்கார்ந்துக்கும், நடுவுல மாற நினைச்சா அந்தப் பணத்தைத் திருப்பிக் கேக்கறது லேசு இல்லை.

வேலை விஷயம் ஒண்ணு. விஎம்வேர் சர்டிஃபிகேட் வீணாப்போச்சான்னு கேட்டவங்களுக்கு: போகலை. பெரிய பேங்கும் டெலிகாமும் ஒரே ராத்திரியில மாறப்போறதில்லை, மாறுறவங்களுக்கும் பழசு தெரிஞ்ச ஆள் வேணும். ஆனா அது மட்டுமே தெரியும்ங்கிற நிலைமையில நிக்காதீங்க. வீட்ல சும்மா கிடக்கிற பழைய டெஸ்க்டாப்ல பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, ரெண்டு மெஷினை நகர்த்திப் பாருங்க. 40,000 ரூபா கோர்ஸ் இப்போதைக்கு வேண்டாம், அந்தப் பணம் எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும்.

உங்க கம்பெனி ரினியூவல் தேதி எப்போன்னு நாளைக்குக் கேட்டுப் பாருங்க. ஒரு வருஷத்துக்கு மேல இருந்தா இப்பவே மூணு கொட்டேஷன் வாங்க ஆரம்பிக்கலாம். மூணு மாசம்தான் இருக்குன்னா மாறறதைப் பத்திப் பேசவே வேண்டாம், ஒரு வருஷ சந்தாவுக்கு மட்டும் முயற்சி பண்ணுங்க. யாருக்குமே தேதி தெரியலைன்னா, முதல்ல அதைத் தேடுங்க.