கதிரவன் பக்கமிருந்து வரும் கற்கள்

2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள், வானியலாளர்கள் ஒரு சிறுகோளின் வரவை எதிர்நோக்கியிருந்தனர். ஏறத்தாழ ஓராண்டுக்கு முன் கண்டறியப்பட்ட அது, புவியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் தொலைவில் கடந்து செல்லும்; மோதாது என்று கணித்திருந்தனர். அவ்வாறே அது கடந்து சென்றது. ஆனால், அதே நாள் காலையில், எவரும் எதிர்பாராத வேறொரு கல் இரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரையொட்டிய வானில் வெடித்துச் சிதறியது.

கதிரவனையும் விஞ்சிய ஒளி அது. என்னவென்று காணச் சாளரத்தருகே சென்றவர்கள்மீது, ஓரிரு நிமிடங்கள் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிச் சில்லுகளை வாரி இறைத்தது. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். அக்கல்லின் குறுக்களவோ சுமார் 20 மீட்டர்தான். கதிரவன் இருந்த திசையிலிருந்து வந்தமையால் எந்தத் தொலைநோக்கியும் அதனை முன்னரே காணவில்லை.

சிறுகோள் என்றதும் பலர் மனத்தில் எழுவது, அதனைத் தகர்க்கப் பாயும் ஏவுகணையே. திரைப்படங்கள் நம்மை அவ்வாறு பழக்கிவிட்டன. எனினும், காப்பு முறைகளுள் முதலிடம் பெறவேண்டியது தேடலே. அதற்கான சான்று, திசைதிருப்பும் முயற்சியின் வெற்றியிலேயே அடங்கியிருக்கிறது. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் குறுக்களவுள்ள டைமார்ஃபஸ் என்னும் சிறுகோள்மீது நொடிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. அச்சிறுகோள் தன் பெரிய துணையைச் சுற்றிவரும் காலம், 11 மணி 55 நிமிடத்திலிருந்து அரைமணி நேரத்திற்குச் சற்று அதிகமாகக் குறைந்தது. வியத்தகு வெற்றிதான். ஆயினும், அதன் வேகத்தில் நேர்ந்த மாற்றம் நொடிக்குச் சில மில்லிமீட்டரே. எறும்பூரும் வேகம்கூட இல்லை. அச்சிறு மாற்றம் புவியைத் தப்புவிக்கும் அளவிற்குப் பெருக வேண்டுமெனில் ஆண்டுகள் பல தேவை. சில வாரங்களுக்கு முன்புதான் தென்படும் கல்லுக்கு இம்முறை உதவாது.

ஒரு கிலோமீட்டருக்கும் பெரிய, புவியை நெருங்கக்கூடிய சிறுகோள்களுள் பெரும்பாலானவை கண்டறியப்பட்டுவிட்டன. 140 மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றுள் பாதிகூட இன்னும் கண்டறியப்படவில்லை. அவற்றுள் ஒன்று விழுந்தால் ஒரு பெருநகரமே அழியக்கூடும். அவற்றில் 90 விழுக்காட்டை 2020ஆம் ஆண்டுக்குள் கண்டறிய வேண்டுமென அமெரிக்க நாடாளுமன்றம் 2005இல் சட்டம் இயற்றியது, இலக்கு எட்டப்படவில்லை. பல சிறுகோள்கள் கரியைப்போல் இருண்டவை. புவியிலுள்ள தொலைநோக்கிகளுக்கோ பகல் வானம் மூடிய கதவு. எனவேதான், வெப்பக் கதிர்களைக்கொண்டு தேடும் விண்வெளித் தொலைநோக்கியை நாசா உருவாக்கி வருகிறது.

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரக்கூடியதற்கு இத்தனை செலவு ஏன் என்பது நியாயமான வினாவே. புயலையும் நிலநடுக்கத்தையும் எவராலும் நிறுத்த இயலாது. சிறுகோளின் பாதையையோ, போதிய காலம் இருப்பின், மாற்ற இயலும். இவ்வேறுபாடே அச்செலவை நியாயப்படுத்துகிறது. 2024 டிசம்பரில் கண்டறியப்பட்ட ஒரு சிறுகோள் 2032இல் புவியுடன் மோதும் வாய்ப்பு, 2025 பிப்ரவரியில் 3 விழுக்காட்டைக் கடந்தது. சில நாள்களிலேயே அது இல்லையென்னும் அளவிற்குச் சுருங்கியது. அறிவியலாளர்கள் வீண் அச்சமூட்டினர் என்று கூறுவது பிழை. கூர்நோக்கல் பெருகப் பெருகக் கணிப்பு துல்லியமாகும் முறையே அது.

கூர்நோக்கல் பெருகுவதற்கு உலகின் பல தீர்க்கக்கோடுகளிலும் தொலைநோக்கிகள் தேவை. ஓரிடத்தில் பொழுது விடிகையில் வேறிடத்தில் இரவு தொடர வேண்டும். 2008 அக்டோபரில் அரிசோனாவில் கண்டறியப்பட்ட சிறு கல்லொன்று, பல நாட்டார் இவ்வாறு தொடர்ந்து நோக்கியமையால், சூடான் பாலைவனத்தில் விழுமென ஒரு நாளைக்குள் கணிக்கப்பட்டு, அவ்வாறே விழுந்தது.

தமிழ்நாட்டிற்கு இப்பணி புதிதன்று. 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து போக்சன் கண்டறிந்த சிறுகோள் 'ஆசியா' எனப் பெயர் பெற்றது. 1988இல் காவலூரில் கண்டறியப்பட்டது கணித மேதை இராமானுசன் பெயரைத் தாங்கியுள்ளது. சிலியில் வானம் வெளுத்த பின்னர் நம் மலைகளின் மீது இரவு கவிகிறது. அந்த இரவுகளில் சிலவற்றையேனும் ஆண்டுதோறும் இத்தேடலுக்கென ஒதுக்குவது நம் ஆய்வகங்களுக்குப் பெருஞ்சுமை ஆகாது.