சத்தத்தை அடக்க வேண்டாம், சூட்டைக் குறையுங்கள்



பெற்றோரிடமிருந்து அடிக்கடி வரும் ஒரு முறைப்பாடு: "வீட்டிலை கொம்பியூட்டரைப் போட்டால் மில்லு ஓடுற மாதிரி இரையுது. பக்கத்திலை இருந்து பிள்ளை எப்பிடிப் படிக்கிறது?"

நியாயமான கேள்வி. ஆனால் ஊரில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் இரண்டுதான். ஒன்று, "பூட்டின கொம்பியூட்டர் எண்டால் அப்பிடித்தான்." மற்றது, "கேசிங் ஃபானின்ரை வயரைக் கழற்றி விடுங்கோ." இரண்டுமே பிழை என்பது என் கருத்து.

முதலில், இந்த இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. வகுப்பறையில் பாடம் நடக்கும்போது பின்னணிச் சத்தம் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே வழிகாட்டியிருக்கிறது. எங்கள் வீடுகளில் பல பிள்ளைகளுக்குத் தனி அறை கிடையாது. கொம்பியூட்டர் இருக்கும் அதே ஹோலில்தான் உயர்தரப் பிள்ளை தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் வினாத்தாளை நேரம் பார்த்துச் செய்கிறது. தம்பி தங்கை பாடம் சொல்வதும் அங்கேதான். மணிக்கணக்காகக் காதுக்குள் இரையும் சத்தம் பிள்ளையின் கவனத்தைக் கரைக்கும்.

அதற்காக ஃபானை நிறுத்துவது தீர்வாகாது. 1980இல் அப்பிள் நிறுவனம் 'அப்பிள் 3' என்ற கொம்பியூட்டரை விட்டது. சத்தம் வரக்கூடாது என்று ஸ்டீவ் ஜொப்ஸ் பிடிவாதமாக நின்றதால் அதற்கு ஃபானே வைக்கவில்லை. அது சூடேறிக் கோளாறு கொடுத்தது. தொடக்கத்தில் விற்ற ஆயிரக்கணக்கானவற்றை நிறுவனம் மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே சரிவராதது எங்கள் வீட்டு மேசையில் சரிவருமா? கேசிங் ஃபானைக் கழற்றினால் உள்ளே சூடு தேங்கும். அதைச் சமாளிக்கப் புரொசசரின் ஃபான் இன்னும் வேகமாகச் சுற்றும். கடைசியில் சத்தம் கூடத்தான் செய்யும்.

ஃபான் இரைவது உள்ளே சூடு போக வழியில்லை என்பதன் அறிகுறி. எங்கள் ஊரில் அதற்குக் காரணம் தேடி அலையத் தேவையில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு, நடுவில் மணல் ஒழுங்கைகள். உப்பு ஈரத்தோடு வரும் காற்றில் தூசு சும்மா படியாது, ஒட்டிக்கொள்ளும். புரொசசருக்கு மேலே இருக்கும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையில் அது கம்பளி மாதிரி அடைந்துவிடும். பிறகு ஃபான் எவ்வளவு சுற்றினாலும் காற்று உள்ளே போகாது.

ஆகவே காசு செலவழிக்க முன் செய்யக்கூடியவை:

வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டுக் கேசிங்கைத் திறந்து, காய்ந்த பெயின்ற் பிரஷ்சால் தூசைத் தட்டுங்கள். புளோவர் பிடித்தால் ஃபான் இதழைச் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத்துணி வேண்டாம். பவர் சப்ளையை மட்டும் திறக்கவே வேண்டாம், வயரைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின் தங்கியிருக்கும்.

சில வருடம் பாவித்ததென்றால் தேர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிதாக வையுங்கள்.

கரகர என்று கேட்டால் ஃபானின் பெயரிங் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் விடுவது சில நாளைக்குத்தான், அந்த ஒரு ஃபானை மாற்றுங்கள். அதிர்வுச் சத்தமென்றால் ஸ்குரூக்களை இறுக்கிப் பாருங்கள்.

நாலு பின் உள்ள ஃபான் என்றால் பயோஸ் செற்றிங்கில் வேகத்தை வெப்பநிலைக்கு ஏற்பக் கூடிக் குறைய விடலாம். ஒரு ஃபானின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். தூசைத் தட்டிச் சூட்டைக் குறைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலான புரொசசர்கள் 90, 100 பாகை செல்சியசை எட்டினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துவிடும்.

கொம்பியூட்டரை மேசையின் மூடிய தட்டுக்குள் வைக்காதீர்கள். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள்.

புதிதாகப் பூட்டப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதோடு பாகங்களின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் கலர் லைட் எரியும் ஆறு ஃபானுக்கும் முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேசிங்குக்கும் காசு கொடுக்கிறோம். ஒரே மாதிரி இரண்டு ஃபான் ஒரே வேகத்தில் ஓடினால், ஒன்று ஓடுவதைவிட 3 டெசிபல் கூடும். கண்ணாடி காற்றையும் மறிக்கும். அது வீண்விரயம். முன்பக்கம் வலை போட்ட கேசிங், 120 மில்லிமீற்றர் ஃபான் இரண்டு, புரொசசருக்கு ஓரளவு பெரிய ஹீட்சிங், இவ்வளவும் படிக்கிற பிள்ளைக்குத் தாராளம். பெரிய ஃபான் மெதுவாகச் சுற்றியே போதிய காற்றைத் தரும்.

"இந்தக் கரைச்சலுக்கு லப்டொப் வாங்கலாமே" என்பார்கள். வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். ஆனால் லப்டொப்பின் சின்ன ஃபானும் தூசு அடைத்தால் கத்தும், அதைக் கழற்றித் துடைப்பது இதைவிடக் கஷ்டம். பூட்டிய கொம்பியூட்டரில் பழுதான ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டு வருடக்கணக்காக ஓட்டலாம்.

ஆசிரியராக எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. ஹீட்சிங் என்றால் என்ன என்று பரீட்சைக்கு அழகாக எழுதும் பிள்ளைகளில் பலர் ஒரு கேசிங்கைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. வருகிற விடுமுறையில் ஒரு நாள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். துடைக்க முதல் எத்தனை பாகை, துடைத்த பிறகு எத்தனை பாகை என்று கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். மகனிடம் மட்டுமல்ல, மகளிடமும் கொடுங்கள். பாடசாலைக் கணினி அறைகளிலும் தவணை முடிவில் இதைச் செய்யலாம், ஸ்குரூட்ரைவரோடு நான் வரத் தயார்.