அவசரமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா

புராஸ்டேட் சுரப்பியின் திசுப் பரிசோதனை முடிவில் ‘புற்றுநோய்’ என்னும் சொல்லைக் கண்டவுடன், சில குடும்பத்தார் மறுநாளே அறுவை சிகிச்சைக்கு நாள் கேட்கின்றனர். வேறு சிலர் பெரியவரிடம் செய்தியை மறைத்துவிட்டுத் தாமே முடிவெடுக்கின்றனர். இரண்டுக்கும் காரணம் அன்பே. எனினும் இரண்டுமே அவருக்கு நன்மை பயப்பதில்லை.

முதலில் அறிய வேண்டுவது நோயின் தரம். அறிக்கையில் கிளீசன் மதிப்பெண் 6 எனில், அது பெரும்பாலும் மெதுவாக வளரும் இயல்பினது. 7 இடைநிலை. 8 முதல் 10 வரை எனில் காலம் தாழ்த்தலாகாது. பி.எஸ்.ஏ. அளவு, நோய் சுரப்பிக்குள் அடங்கியுள்ளதா என்பது, வயது, பிற நோய்கள் ஆகியவற்றையும் சேர்த்தே முடிவெடுத்தல் வேண்டும்.

பிரிட்டனில், நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்த 1,643 ஆண்கள் கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு என மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். 15 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒவ்வொரு பிரிவிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பேர் இந்நோயால் இறக்கவில்லை. ஆயினும் கண்காணிப்புப் பிரிவில் நோய் பரவியோர் ஏறத்தாழ இரு மடங்கு. அப்பிரிவினருள் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் சிகிச்சை பெற்றனர். மறுபுறம், அறுவையால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும், கதிர்வீச்சால் குடல் தொல்லையும் நேரக்கூடும்.

ஆகவே, குறைந்த தர நோய்க்குக் கண்காணிப்பும் ஒரு சிகிச்சை முறையே. ஆனால் அது வீட்டில் வாளாவிருப்பது அன்று. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை, தேவையெனில் மீண்டும் திசுப் பரிசோதனை என அது தொடரும். சோளக்காட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ செல்பவர்க்கு இது எளிதன்று. மிளகு பறிக்கும் நாளில் பரிசோதனை தள்ளிப்போகும்; ஒரு முறை தள்ளியது மறுமுறையும் தள்ளும். கதிர்வீச்சுக்கோ பல வாரங்கள் நாள்தோறும் செல்ல வேண்டும்; கீழே தங்க இடமும் துணையும் தேவை.

இவ்விடர்களை மருத்துவரிடம் கூறத் தயங்காதீர்கள். பயணச் செலவும் உடன்வர ஆளின்மையும் குறைகள் அல்ல. முடிவெடுப்பதற்கு இன்றியமையாத செய்திகள். வரமுடியாத ஒருவர்க்குக் கண்காணிப்பைத் தேர்ந்தெடுப்பது நோயைக் கவனியாது விடுவதற்கே ஒப்பாகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, பெரியவரை வெளியே அமர்த்திவிட்டு மருத்துவரிடம் பேசாதீர்கள். நோயையும் சிகிச்சையின் விளைவையும் தாங்கப்போவது அவர் உடல். முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும்.