ஜீப்பில் ஏறாத பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?



விடியற்காலையில் கம்பத்துக்கு வந்து பாருங்கள். டீக்கடை அடுப்பு பற்றும் நேரத்திலேயே ஜீப்புகள் வரிசை கட்டி நிற்கும். கையில் தூக்குவாளி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாள் என்று நம் பெண்கள் ஏறுவார்கள். சில வண்டிகள் கம்பம்மெட்டு வழியாக, சில குமுளி வழியாக மலையேறும். போடியிலிருந்து கிளம்புகிறவை போடிமெட்டு ஏறும். எல்லாம் போய்ச் சேருவது வண்டன்மேடு, புற்றடி, நெடுங்கண்டம், உடும்பன்சோலை ஏலத்தோட்டங்களுக்கு. மாலையில் இருட்டுகிற நேரத்துக்குத்தான் திரும்பி வருவார்கள்.

ஜீப்பில் எத்தனை தலை என்று செக்போஸ்டில் எண்ணுகிறார்கள். எத்தனை கிலோ காய் என்று தோட்டத்தில் எண்ணுகிறார்கள். ஜீப்பில் ஏறாமல் வீட்டில் கிடக்கும் பிள்ளைகளை எண்ணுகிறவர் யார்?

கம்பம் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு தொழிலாளர் தெருவுக்குப் போங்கள். ஒன்பது வயது அக்காள் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். காய் எடுப்புக் காலம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. ஒரு காப்பகம் இல்லாததால் அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது: தம்பி தொடங்க வேண்டிய படிப்பு, அக்காள் தொடர வேண்டிய படிப்பு.

மலைமேலே லயத்தில் தங்கி வேலை செய்கிறவர்களின் நிலை இதைவிட மேலா? பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத கைக்குழந்தையைக் காட்டுக்கே தூக்கிப் போகிறார்கள். நிழல்மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டுத் தாய் குனிந்து காய் எடுக்கிறாள். பக்கத்துச் சரிவில் மருந்து அடிக்கிறார்கள். ஏலத்துக்கு அடிக்கிற மருந்து ஏலத்தோடு நின்றுவிடுமா?

‘முயல வேண்டும்’ என்ற சொல்

இந்த நாட்டில் சின்னக் குழந்தைகளுக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சட்டத்துக்குக் குறைவே இல்லை. 1950-இல் வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, பத்தாண்டுக்குள் பதினான்கு வயது முடியும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு முயல வேண்டும் என்றது. ‘எல்லாக் குழந்தைகளும்’ என்றால் ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களும் அதில் அடக்கம்.

பத்தாண்டு போய் ஐம்பதாண்டு ஆயிற்று. 2002-இல் 86-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள். ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமை ஆக்கினார்கள். நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை மட்டும் தனியே பிரித்து, பழைய ‘முயல வேண்டும்’ என்ற சொல்லிலேயே விட்டுவிட்டார்கள். 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் அப்படித்தான். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பள்ளி ஏற்பாடு அரசு ‘செய்யலாம்’ என்கிறது, செய்தாக வேண்டும் என்று சொல்லவில்லை.

பெரிய பிள்ளைக்கு உரிமை, சின்னப் பிள்ளைக்கு முயற்சி! பேசத் தெரிந்தவனுக்கு உரிமையும் பேசத் தெரியாதவனுக்குத் தயவும் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

பணம் முகவரியைத் தேடுகிறது

1975 அக்டோபர் 2-ஆம் தேதி, நாடெங்கும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. கேரளத்தில் முதலில் வந்தது மலப்புறத்து வேங்கரையில். இன்று நாட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. நம் பக்கமும் சும்மா இருக்கவில்லை. உலக வங்கிக் கடனோடு 1980-இல் தமிழ்நாடு தொடங்கிய சத்துணவுத் திட்டம் முதலில் கால் வைத்தது, இன்றைய தேனி மாவட்டத்தையும் உள்ளடக்கிய அன்றைய மதுரை மாவட்டத்தில்தான். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவு பால்வாடிக் குழந்தைகளையும் சேர்த்தே தொடங்கியது.

இரண்டு மாநிலமும் குழந்தை நலத்தில் பேர் வாங்கியவை. அப்படியானால் இரண்டுக்கும் நடுவே நம் பிள்ளை எப்படி விழுந்தது?

காரணம் எளியது. சர்க்கார் பணம் முகவரியைத் தேடிப் போகிறது, குழந்தையைத் தேடி வருவதில்லை. அங்கன்வாடி காலை ஒன்பது மணிக்கு மேல் திறந்து பிற்பகலில் மூடுகிறது. நம் தாய் விடியுமுன் புறப்பட்டு இருட்டியபின் திரும்புகிறவள். பிள்ளையைக் கொண்டுபோய் விடுவது யார்? அழைத்து வருவது யார்? கீழே தமிழ்நாட்டில் பதிவு இருக்கிறது, தாய் இல்லை. மேலே கேரளத்தில் தாய் இருக்கிறாள், பதிவு இல்லை. 2025 ஜூலை முதல் வீட்டுக்கு எடுத்துச்செல்லும் சத்துமாவு வாங்க முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் விதித்துவிட்டார்கள். காட்ட வேண்டிய முகம் அந்த நேரத்தில் ஏலச் செடிக்குள் குனிந்து கிடக்கிறது!

2013-இன் உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு அருகிலுள்ள அங்கன்வாடி மூலம் இலவச உணவு என்கிறது. ‘சொந்த மாநிலத்துக் குழந்தைக்கு’ என்று அதில் எழுதவில்லை. எழுதாத நிபந்தனையை நடைமுறையில் புகுத்துகிறவர்களைத்தான் கேட்கிறோம்.

தோட்டக்காரர் சொல்லும் கணக்கு

“காப்பகம் கட்டக் கட்டுப்படியாகாது” என்கிறார்கள் தோட்ட உடைமையாளர்கள். விலை இறங்கினால் நட்டம் என்பார்கள். சரி, விலை ஏறியபோது என்ன செய்தார்கள்? 2019 ஆகஸ்டில் வண்டன்மேட்டு ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய்க்குப் போயிற்று. நாடே வாயைப் பிளந்தது. அந்த ஆண்டு எத்தனை தோட்டத்தில் ஒரு தொட்டில் கூடுதலாகத் தொங்கியது?

சட்டம் பழையது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தாலோ, பெண் தொழிலாளரின் குழந்தைகள் இருபது பேர் இருந்தாலோ காப்பகம் வேண்டும் என்றது. இப்போது அந்தச் சட்டமும் போய்விட்டது. 2020-இல் நிறைவேறிய தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதார விதித்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதை விழுங்கியது. புதியது பெண்களை மட்டும் எண்ணாமல் ஆண், பெண் சேர்ந்து ஐம்பது தொழிலாளர் என்கிறது. அதை நல்லதென்றே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ‘இருபது குழந்தைகள் இருந்தால் போதும்’ என்ற வாசல் அடைபட்டது. குழந்தைக்காக உள்ள காப்பகத்துக்குக் குழந்தையை எண்ணத் தேவையில்லையாம்!

ஏலத்தோட்டங்களில் பெரும்பாலானவை சிறியவை. ஒன்றில் பத்துப் பேர், இன்னொன்றில் இருபது பேர். ஐம்பது எங்கே சேரும்? ஜீப்பில் வருகிறவர்கள் இன்று ஒரு தோட்டம், நாளை வேறொரு தோட்டம். ஒப்பந்தக்காரர் கொண்டுவரும் ஆளும் கணக்கில் சேரும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்தப் பேரேட்டில் அவர்கள் பெயர் இருக்கிறது?

சிறு தோட்டக்காரர் தனியாகக் காப்பகம் நடத்த முடியாது என்பதை நாமும் ஏற்கிறோம். அவர்களிலும் கடன்பட்டவர் உண்டு. ஆகவேதான் சொல்கிறோம், இது தனி ஆளின் தர்மம் அல்ல, பொதுப்பணத்தின் கடமை. ஒரு வார்டுக்கு ஒரு பொதுக் காப்பகம் வைத்தால் பத்துத் தோட்டத்துப் பிள்ளைகளும் அதில் அடங்கும். பணம் எங்கே என்கிறீர்களா? 2020–21-இல் நாட்டின் ஏலக்காய் விளைச்சல் 20,000 டன்னைத் தாண்டியது. கிலோவுக்கு ஒரே ஒரு ரூபாய் ஏலத்தில் பிடித்தால் ஆண்டுக்கு இரண்டு கோடி ரூபாய். ஆயிரக்கணக்கில் விலை போகும் பண்டத்தில் அதைப் பறித்தவளின் பிள்ளைக்கு ஒரு ரூபாய் கேட்பது பேராசையா?

எந்த மொழியில் அழுவது?

கேரள அரசுக்கு இதயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2025-இல் அங்கன்வாடிக் குழந்தை ஒன்று உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று கேட்டது. அதை நாடெல்லாம் பார்த்தது. அமைச்சர் கேட்டார், அந்த ஜூனில் உணவுப் பட்டியலே மாறியது. அந்தக் குழந்தையை வாழ்த்துகிறோம். ஆனால் அது தன் தாய்மொழியில் கேட்டது, கேட்டவருக்கும் புரிந்தது. லயத்துப் பிள்ளை ‘பசிக்குது’ என்று தமிழில் சொன்னால் புரிந்துகொள்ளும் டீச்சர் கிடைப்பது இன்று அதிர்ஷ்டமாக இருக்கிறது. அது விதியாக வேண்டும்.

இதுவும் கேரளத்துக்குத் தெரியாத வித்தை அல்ல. எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில், வங்காளம், ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழி அறிந்தவர்களையே பள்ளியில் அமர்த்தினார்கள். ஆற்றங்கரைத் தொழிற்சாலைக்குத் தெரிந்த நியாயம் மலையேற மறுப்பது ஏன்? மாநில எல்லைகளைத் திருத்திய அதே 1956-இல்தான் மொழிச் சிறுபான்மைக் குழந்தைக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் என்ற 350-ஏ பிரிவும் அரசியல் சட்டத்தில் ஏறியது. கோடு போட்ட கையே கொடுத்த வாக்கு அது.

இப்போது தோட்டங்களுக்கு அசாமில் இருந்தும் ஜார்க்கண்டில் இருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் பிள்ளைகளும் நம் பிள்ளைகளே. நமக்குக் கேட்பதை அவர்களுக்கும் சேர்த்தே கேட்கிறோம்.

நம்மையும் கேட்டுக்கொள்வோம்

பிறரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. நம் கோரிக்கைப் பட்டியல்களை எடுத்துப் பாருங்கள். கூலி முதலில், போனஸ் அடுத்து, காப்பகம் கடைசி வரியில். பேச்சுவார்த்தை மேசையில் முதலில் விட்டுக்கொடுப்பதும் அதே கடைசி வரியைத்தான். மேசையில் ஆண்கள் உட்காருகிறோம், பிள்ளையைத் தூக்குகிறவர்கள் வெளியே நிற்கிறார்கள். ‘ஊரில் பாட்டி பார்த்துக்கொள்வாள்’ என்று முதலாளி சொன்னால் கோபம் வருகிறது. அதையே நாம் வீட்டில் சொல்லவில்லையா?

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு மூண்டபோது, உடும்பன்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து நம் மக்கள் கைக்குழந்தைகளோடு காட்டுவழியில் இறங்கி ஓடிவந்தார்கள். அந்த வாரம் மட்டும் தலைவர்களும் பத்திரிகைக்காரர்களும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். கலவரம் அடங்கியது, பிள்ளைகள் மறுபடி மறைந்துபோனார்கள். அடிபட்டால்தான் கண்ணில் படுவோம் என்றால் அது அரசியலா?

1969-இல் டில்லியில் ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்த இடத்தில், புழுதியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் என்ற பெண்மணி ஒரு கூடாரம் போட்டார். ‘மொபைல் கிரெஷஸ்’ என்ற அமைப்பு அப்படித்தான் பிறந்தது. வேலை இடம் மாறினால் காப்பகமும் கூடவே மாறும். ஜீப் மலையேறும்போது தொட்டில் மட்டும் ஏறாதா?

நாம் கேட்பது

1. ஜீப் புறப்படும் நேரத்துக்குத் திறந்து, தாய் திரும்பும்வரை நடக்கும் அங்கன்வாடிக் காப்பகங்கள் கம்பம், போடிப் பகுதியிலும் வண்டன்மேட்டிலும் வேண்டும். மத்திய அரசின் ‘பால்னா’ திட்டம் 17,000 அங்கன்வாடிக் காப்பகங்கள் என்றது. அதில் நம் பங்கு எங்கே?

2. இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து ஒரே குழந்தைப் பட்டியல் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் பதிவானாலும் இரு பக்கமும் சோறும் தடுப்பூசியும் முன்பள்ளியும் கிடைக்க வேண்டும்.

3. தமிழ்ப் பிள்ளைகள் உள்ள அங்கன்வாடியில் தமிழ் தெரிந்த பணியாளர் வேண்டும். மத்திய அரசு 2018-இல் 4,500 ரூபாய் என்று வைத்த மதிப்பூதியத்தைக் காட்டி அவரை ஏமாற்றாமல், வேலைக்கேற்ற சம்பளம் தர வேண்டும்.

4. ஏலத்தில் கிலோவுக்கு ஒரு ரூபாய் குழந்தைகள் நிதி. காப்பகக் கணக்கில் ஜீப்பில் வருகிறவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கேட்டால் கிடைக்குமா என்று சோர்ந்துபோக வேண்டாம். 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே ஆணையிட்டது: ஒரு குடியிருப்பில் ஆறு வயதுக்குக் கீழே நாற்பது குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லையென்றால், மக்கள் கேட்ட மூன்று மாதத்துக்குள் திறக்க வேண்டும். ஆணை இருக்கிறது, நாம்தான் இன்னும் சேர்ந்து கேட்கவில்லை.

ஆகவே தோழர்களே, வரும் காய் எடுப்புக்குள் ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு ஜீப் நிற்கும் தெருவிலும் ஒரு நோட்டுப் புத்தகம் திறப்போம். குழந்தையின் பெயர், வயது, பகலில் பார்த்துக்கொள்வது யார், இந்த மூன்றையும் எழுதுவோம். பெண்களே எழுதட்டும், பெண்களே கையெழுத்திடட்டும். நாற்பது பெயர் சேர்ந்த இடத்தில் அன்றே மனு. அந்த மனுவைத் தமிழிலேயே எழுதுவோம். 1969-இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையோருக்கு ஒப்புக்கொண்ட உரிமை அது.

அரசு எண்ணாத பிள்ளைகளை முதலில் நாம் எண்ணுவோம்.