சின்னமுத்து ஊசியை முந்திவிட்ட அழகு ஊசி

ஸ்காபரோவில் கலியாண சீசன் தொடங்க முதலே விளம்பரங்கள் ஃபோனுக்கு வந்துவிடும். மைக்ரோநீட்லிங் செய்தால் முகம் பளபளக்கும், வழுக்கையில் முடி முளைக்கும் என்று. எல்லாம் ஏமாற்று என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அந்த ஊசிக்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. என்னுடைய கோபம் வேறு.

மருந்தை உள்ளே விடாமல் தடுப்பது தோலின் மேற்படை. தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு வந்தாலே பெரிசு. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத நுண்ணூசிகள் அதைத் துளைத்து, நோவு அதிகம் தெரியாமல் நின்றுவிடும். அந்த ஊசியையே மருந்தால் செய்தால் தோலுக்குள் கரைந்துவிடும். 1970களில் காப்புரிமை எடுத்த யோசனை. 1990களின் கடைசியில்தான் செய்து காட்ட முடிந்தது.

இது உண்மையில் தேவைப்படுவது யாருக்கு? சின்னமுத்துத் தடுப்பூசி தூளாக வரும். கரைத்துவிட்டால் 6 மணித்தியாலத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதுவும் குளிரில் வைத்து. 10 பிள்ளைகளுக்கான குப்பியை ஒரு பிள்ளைக்காக உடைக்கக் கிராமத்துத் தாதி யோசிப்பார். "பிறகு வாங்கோ" என்று அனுப்பப்படும் தாய் திரும்பி வராமலே போகலாம். ஒட்டுப்பட்டையில் கரைக்கிற வேலை இல்லை, சிரிஞ்சும் இல்லை. காம்பியாவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2024இல் லான்செட்டில் வந்தது: ஒரே ஒரு பட்டையில் 90 வீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சின்னமுத்துவுக்கு எதிர்ப்புச் சக்தி கிடைத்தது. ஆனாலும் பட்டை இன்னும் ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. பெரிய பரிசோதனைக்கும் தொழிற்சாலைக்கும் காசு வேணும். வாங்கப்போகும் நாடுகளிடம் அது இல்லை.

எங்கட தலைமுடிக்குக் காசு இருக்கிறது. அதிலும் பலன் இல்லாமல் இல்லை. 2013இல் மும்பை மருத்துவர்கள் 100 ஆண்களிடம் செய்த ஆய்வில், மினொக்சிடிலோடு வாரம் ஒருமுறை ஊசி உருளையும் பாவித்தவர்களுக்கு, மினொக்சிடில் மட்டும் பூசினவர்களைவிட முடி நன்றாகவே கூடியது. ஆனால் அது 12 வார ஆய்வு, மருத்துவர் கையால் செய்தது. அமேசனில் வாங்கின உருளையைக் குளியலறையில் வைத்து அண்ணனும் தம்பியும் மாறி மாறி உருட்டுவது அந்தக் கதை இல்லை.

நியூ மெக்சிகோவில் ஒரு அழகு நிலையத்தில் இரத்தம் கலந்த இப்படியான சிகிச்சை செய்த சில பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. ரேடியோ அலையோடு செய்யும் வகையில் தீக்காயம், தழும்பு வந்ததாக அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2025இல் எச்சரித்தது. எங்கட மண்ணிறத் தோலில் காயம் பட்ட இடம் கறுத்துப்போவது சாதாரணம். தழும்பு தடித்து வளருகிற ஆட்கள் கிட்டவே போகக்கூடாது. போகத்தான் வேணுமென்றால் டொராண்டோ சுகாதாரப் பிரிவின் பொடிசேஃப் சோதனை முடிவு அந்தக் கடைவாசலில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கோ. ஊசி முனையை உங்கள் கண் முன்னால் புதுசாக உடைக்கச் சொல்லுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை.

உலகத் தடுப்பூசிக் கூட்டமைப்பான கவிக்குக் கனடாவும் காசு கொடுக்கிறது, அதாவது எங்கட வரிப்பணம். அதில் அந்தப் பட்டைக்கு எவ்வளவு போகிறது என்று, அடுத்த முறை பொங்கல் விழாவுக்குப் பொன்னாடை வாங்க வருகிற எம்.பி.யிடம் நான் கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கோ.